பல் இருந்ததற்குச் சான்று

செண்பகனூர் வளைவில் காட்டுமாடு நின்றது.
மினிபஸ் நின்றது.
நான் மட்டும் நிற்காமல் போய்
முன்சீட்டுக் கம்பியில் இடித்தேன்.
மேல்வரிசையில் இரண்டு.
ஒன்று மடியில் விழுந்தது,
மற்றது பாதி கிழித்த டிக்கெட்டாய்
ஈறில் தொங்கியது.
மாடு அவசரமில்லாமல்
யார் வீட்டு வேலியையோ மென்றுகொண்டிருந்தது.

மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாதாம்.
டாக்டர் சொன்னார், ஊசியை உயர்த்திப் பிடித்தபடி.
சிரிக்க வைக்கத்தான் சொல்லியிருப்பார்.

பேக்கரிக்கு மேல்மாடி.
ரஸ்க் வாசனையோடு ஒரு தாளை நீட்டினாள் ரெஜினாள்.
இன்சூரன்ஸ் தந்தாலும் தராவிட்டாலும்
முழுத் தொகைக்கும் நானே பொறுப்பு.
"சரியா அக்கா?"
மரத்த உதட்டால் சரி என்றேன்.
'தரி' என்று விழுந்தது.
கையெழுத்து மட்டும் திருத்தமாக:
சி. திலகமணி.

ஓட்டல் முதலாளி
தீபாவளி ஸ்வீட் டப்பாவோடு தந்த கார்டு அது.
ஊழியர் எல்லோருக்கும் காப்பீடு, பிடித்தம் இல்லை.
தானம் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று
படிக்காமல் பர்சில் செருகினேன்.
பல்லைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

முதல் கடிதம்:
இருபத்து நாலு மணி நேரம்
ஆஸ்பத்திரியில் படுத்தீர்களா?
இல்லை ஐயா. நாற்காலியில் சாய்ந்திருந்தேன்,
இரண்டே கால் மணி நேரம்.

மேல்முறையீடு செய்தேன்.
இரண்டாம் கடிதம்:
விபத்துக்கு முன்
மேற்படி பற்கள் இருந்தன என்பதற்கு
புகைப்படச் சான்று இணைக்கவும்.

தேடினேன்.
ஆதாரில் வாய் மூடியிருக்கிறேன்.
வாக்காளர் அட்டையில் முகமே ஒரு கரி.
கல்யாண ஆல்பத்தில் அறுபத்து நான்கு படம்,
அறுபத்து நான்கிலும் குனிந்த தலை.
எங்காவது சிரிப்பு தப்பி வந்த இடத்தில்
என் கையே குறுக்கே நிற்கிறது.
பொம்பளைப் பிள்ளை பல் தெரியச் சிரிக்காதே என்று
வளர்த்த வளர்ப்பில்
முப்பத்து நாலு வருஷம் இருந்த பல்லுக்கு
ஒரு சாட்சி இல்லை.

கடைசியில் சமையல்கார மரியசூசை போனில் இருந்தது.
கிறிஸ்துமஸ் கேக் சரிந்து
மேனேஜர் சட்டையெல்லாம் கிரீம்.
படத்தின் ஓரத்தில் நான்,
கடைவாய் வரை திறந்து.
இவ்வளவு பல்லா எனக்கு?

அனுப்பினேன். அதன்பின் பதில் இல்லை.
ரெஜினாள்தான் கூப்பிட்டாள்.
குரலைத் தாழ்த்திக்கொண்டு,
கடன் வாங்கியவள் அவள்தான் என்பது போல.
"அக்கா, அது கம்பெனிக்கும் உங்களுக்கும்.
இது டாக்டருக்கும் உங்களுக்கும்."
அன்று கோபம் வந்தது.
பல்லைக் கடிக்கலாம் என்றால்
தற்காலிகமாய் ஒட்டியது, பெயர்ந்துவிடும்.

பிறகு யோசித்தேன்.
திண்டுக்கல்லில் ஒருவர்
பக்கத்துப் பல்லின் டீக்கறை வரை பார்த்து
நிறம் சேர்த்து வார்த்திருக்கிறார்.
முகம் தெரியாத அவர் வேலை
என் வாயில் இருக்கிறது.
அதைக் கொண்டுதான் தினம் கேரட் கடிக்கிறேன்,
வரவேற்பில் நின்று
"வாங்க சார்" என்கிறேன், ச சுத்தமாக.

மாதம் ஐந்தாம் தேதி ஆயிரத்து ஐநூறு.
படியேறும்போது ரஸ்க் வாசனை,
இறங்கும்போது ஒரு ரசீது.
மழை மாதத்தில் ஒருமுறை தேதி தள்ளிப்போனது.
ரெஜினாள் கூப்பிடவில்லை. நானே போனேன்.

நேற்று மூன்றாம் கடிதம் வந்தது.
படத்தில் சிரிப்பவரும்
ஆதாரில் உள்ளவரும்
ஒருவரே என்பதற்குச் சான்று தேவை.

எட்டாம் தவணையோடு அதையும் எடுத்துப்போய்
மேசைமேல் விரித்தேன்.
படித்தாள் ரெஜினாள்.
ஆதாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
அவளுக்கு முதலில் வந்தது, பிறகு எனக்கு.
உள்ளே டிரில் சத்தம் நின்று
டாக்டர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

கை வாய்க்குப் போகவில்லை.
அதில் ரசீது இருந்தது:
பாக்கி ஆறாயிரத்து அறுநூறு.